இருப்பா, கண்டுமுதலா? கடலடி எண்ணெய்க் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கும் வழி

2025 செப்டம்பர் கடைசியில் என் மச்சினன் ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பினான். பின்னாலேயே போனும் வந்தது. "அத்தான், அந்தமான் கடல்ல கண்டுபிடிச்சுட்டாங்களாம். இனிமே பெட்ரோல் விலை இறங்கிடும்ல?"

செய்தியைப் படித்தேன். ஆயில் இந்தியா தோண்டிய ஸ்ரீ விஜயபுரம்-2 கிணறு. கடலாழம் 295 மீட்டர். வாயு மாதிரியில் 87 விழுக்காடு மீத்தேன் என்று பெட்ரோலிய அமைச்சரே சொல்லியிருந்தார். "மாப்பிள்ளை, கிடைச்சது கேஸ். அதை உன் பைக்குல ஊத்த முடியாது" என்றேன். அவன் விடவில்லை. "சரி, எவ்வளவு இருக்கும்னாவது சொல்லுங்க."

முப்பது வருஷம் கிணற்று லாக் (கிணற்றுக்குள் கருவி இறக்கி ஆழம் ஆழமாக எடுக்கும் அளவுப் பதிவு) படிப்பதுதான் எனக்கு வேலை. பாதி நாள் காக்கிநாடா பக்கத்து ரிக்குகளில், மீதி நாள் அலுவலகத்தில். இந்தக் கணக்கில் பெரிய ரகசியம் இருப்பதாக வெளியே நினைக்கிறார்கள். எட்டாம் வகுப்புப் பெருக்கல்தான் அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனையும் அவன் மகளையும் உட்காரவைத்து, அவளுடைய கிராஃப் நோட்டில் சொல்லிக்கொடுத்தேன். அதையே இங்கே எழுதுகிறேன். தாள், பென்சில், செல்போனில் இருக்கும் கால்குலேட்டர் போதும்.

முதலில் ஒரு வார்த்தையைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

என் அப்பா அறுப்புக்கு முன்னால் வரப்பில் நின்றபடி பயிரைப் பார்த்து, "மாவுக்குப் பன்னிரண்டு மூட்டை தேறும்" என்பார். அது மதிப்பு. களத்தில் அடித்து, தூற்றி, பதர் போக, அறுப்புக் கூலி போக அளந்தால் ஒன்பதோ பத்தோ நிற்கும். அது கண்டுமுதல். டெல்டாவில் யாரும் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள். கண்டுமுதலைத்தான் வங்கியிலும் சொல்வோம், பங்காளியிடமும் சொல்வோம்.

எண்ணெயிலும் இதேபோல இரண்டு எண்கள் உண்டு. பாறைக்குள் மொத்தம் கிடப்பது இருப்பு. வெளியே எடுத்து, விற்று, லாபம் பார்க்கக்கூடியதுதான் ரிசர்வ். தலைப்புச் செய்தியில் வருவது பெரும்பாலும் முதல் எண், ஆனால் இரண்டாவதன் பெயரில் வரும். இதற்கென்று உலகம் முழுக்க ஒரு வகைப்பாடு இருக்கிறது. பெட்ரோலியப் பொறியாளர் சங்கம் 2007இல் வகுத்து 2018இல் திருத்தியது. அதை நான் மூன்று டிராயராகச் சொல்வேன். இன்னும் துளைக்காமல், படத்தை மட்டும் பார்த்து ஊகித்தது முதல் டிராயர். துளைத்துப் பார்த்துக் கிடைத்தும், விலையோ அனுமதியோ தொழில்நுட்பமோ இன்னும் கூடிவராதது இரண்டாவது. திட்டம், பணம், சந்தை எல்லாம் கூடிவந்தது மூன்றாவது. ரிசர்வ் என்ற பெயர் மூன்றாவதற்கு மட்டுமே உரியது.

எந்த அறிவிப்பு வந்தாலும் முதலில் இதைக் கேளுங்கள்: எந்த டிராயர்?

கட்டம் எண்ணுதல்

இனி கணக்கு. நான் கற்பனையாக வரைந்த ஒரு கடலடி மேடு இது. உண்மையில் சீஸ்மிக் கப்பல் பின்னால் கேபிளை இழுத்துக்கொண்டு போய், ஒலியைக் கீழே அனுப்பி, எதிரொலியைப் பிடித்துத் தரும் படத்திலிருந்து சம உயரக்கோடுகள் வரைவோம். கோடுகள் வெங்காயத்தை வெட்டிய மாதிரி ஒன்றுக்குள் ஒன்றாக மூடிக்கொண்டால் அங்கே ஒரு மேடு இருக்கிறது, எண்ணெய் ஏறித் தங்க இடம் இருக்கிறது என்று பொருள்.

வரைபடத்தில் 1 செ.மீ. என்பது 500 மீட்டர். அப்படியானால் ஒரு சதுர சென்டிமீட்டர் கட்டம் கால் சதுர கிலோமீட்டர். கடைசியாக மூடிய கோட்டுக்குள் எத்தனை கட்டம் என்று மச்சினன் எண்ணினான். 48. ஆக, பரப்பு 12 சதுர கிலோமீட்டர்.

அடுத்தது தடிமன். மணற்பாறை 40 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதில் பாதி களிமண் பட்டைகள், அவற்றிலிருந்து எதுவும் வராது. நல்ல மணல் 20 மீட்டர்தான். பரப்பையும் இதையும் பெருக்கினால் 24 கோடி கன மீட்டர் பாறை.

பாறைக்குள் குகையோ ஏரியோ கிடையாது. இட்லிக்குள் இருக்கிற மாதிரி நுண்துளைகள்தான் இருக்கும். துளைகளின் பங்கு 20 விழுக்காடு. 4.8 கோடி கன மீட்டர். அந்தத் துளையிலும் எண்ணெய் மட்டும் இருக்காது, ஆதிகாலத்துக் கடல்நீரும் இருக்கும். நீர் 35, எண்ணெய் 65 விழுக்காடு. 3.12 கோடி. ஆழத்தில் அழுத்தத்தோடு இருக்கும் எண்ணெய்க்குள் கேஸ் கரைந்து கிடக்கும். மேலே வந்ததும் அது பிரிந்து போக, எண்ணெய் சுருங்கும். அதற்காக 1.3ஆல் வகுக்க வேண்டும். 2.4 கோடி கன மீட்டர். ஒரு கன மீட்டருக்கு 6.29 பேரல். 15 கோடி பேரல்.

இதுதான் இருப்பு. அமைச்சர் மைக்கைப் பிடித்தால் சொல்லும் எண் இதுதான்.

இதில் எவ்வளவு மேலே வரும்? எண்ணெயில் 30 விழுக்காடு வந்தால் திருப்திப்படலாம். கேஸ் தானே விரிந்து வெளியேறும் பண்டம், அதில் 60, 70 என்று எதிர்பார்க்கலாம். நம் மேட்டில் கண்டுமுதல் நாலரைக் கோடி பேரல். இந்தியா ஒரு நாளைக்குச் செலவழிப்பது ஏறக்குறைய 55 லட்சம் பேரல். நாடு எட்டு நாள் ஓடும்.

மச்சினன் முகம் தொங்கிவிட்டது. "எட்டு நாளா?"

35 விழுக்காடு நீர் எங்கிருந்து வந்தது

இந்த ஒரு எண்ணில் கொஞ்சம் நின்று போகலாம், என் பிழைப்பே இதில்தான் ஓடியது. நீர் எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு என்று கிணற்றுக்குள் யாரும் எட்டிப் பார்க்க முடியாது. மின்தடையை அளப்போம். உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும், எண்ணெய் கடத்தாது. தடை கூடினால் எண்ணெய் என்று ஊகம். இதை 1942இல் ஆர்ச்சி என்பவர் சூத்திரமாக்கினார். இன்றும் முதலில் கை போவது அதற்குத்தான்.

எளிய வடிவம் இது. துளைப் பங்கை அதனாலேயே பெருக்குங்கள்: 0.2 பெருக்கல் 0.2, 0.04. ஒன்றை இதனால் வகுத்தால் 25. இதை அந்தப் பாறை நீரின் மின்தடையால் பெருக்குங்கள். 0.1 ஓம்-மீட்டர் என்று வைத்தால் 2.5. கிணற்றில் அளந்த மின்தடை 20. இரண்டரையை 20ஆல் வகுத்தால் 0.125. அதன் வர்க்கமூலம் 0.35. அதுதான் அந்த 35 விழுக்காடு நீர்.

இப்போது நீரின் மின்தடையை மட்டும் 0.1க்குப் பதில் 0.15 என்று வைத்துப் பாருங்கள். நீர் 43 விழுக்காடாக ஏறும். எண்ணெய் 65இலிருந்து 57க்கு இறங்கும். இருப்பில் எட்டில் ஒரு பங்கு காணாமல் போகும், கடலுக்கடியில் எதுவும் மாறாமலே.

இதை நானே செய்திருக்கிறேன். ஒரு நிறுவனத்தில் இருந்தபோது, பக்கத்துக் கிணற்றின் நீர் மாதிரியை அப்படியே எடுத்துப் போட்டுவிட்டேன். இரண்டு கிணற்றுக்கும் நடுவே ஒரு பிளவு ஓடியது, நீரின் உப்பு வேறு. பதினொரு மாதம் கழித்துத்தான் எங்கள் கிணற்றின் நீர் மாதிரி வந்தது. அதற்குள் என் எண் நான்கு அறிக்கைகளில் ஏறி, மேலிடத்தில் ஒருவர் அதைப் பேட்டியிலும் சொல்லிவிட்டார். திருத்தம் அனுப்பினேன். "அடுத்த ஆண்டு அறிக்கையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று பதில் வந்தது.

எங்கள் துறையில் எல்.கே.ஜி. என்றால் மழலையர் வகுப்பு இல்லை. கிணற்றில் கேஸ் கடைசியாகத் தென்பட்ட ஆழத்தை (Lowest Known Gas) அப்படிச் சொல்வோம். அதற்குக் கீழே கேஸ் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அந்த ஆழத்தோடு நிறுத்தினால் ஒரு எண் வரும். மேட்டின் அடிவரை நிரம்பியிருக்கிறது என்று வைத்தால் அதைப்போல மூன்று மடங்கு வரும். இரண்டுமே பொய்யில்லை. அறிக்கையில் எதைப் போடுவது என்பதில்தான் ஆட்கள் வேறுபடுவார்கள்.

ஒற்றை எண்ணை நம்பாதீர்கள்

நம் மேட்டுக்கே திரும்புவோம். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு கீழ் எல்லையும் மேல் எல்லையும் கொடுங்கள். பரப்பு 8 முதல் 16. நல்ல மணல் 12 முதல் 28 மீட்டர். துளை 16 முதல் 24 விழுக்காடு. எண்ணெய்ப் பங்கு 55 முதல் 70. மேலே வருவது 20 முதல் 35. எதுவும் அநியாயமான வீச்சு இல்லை. ஆனால் எல்லாவற்றிலும் கீழ் எண்ணைப் போட்டுப் பெருக்கினால் 82 லட்சம் பேரல். எல்லாவற்றிலும் மேல் எண்ணைப் போட்டால் 12.7 கோடி. பதினைந்து மடங்குக்கு மேல் வித்தியாசம்!

ஐந்தும் ஒன்றாகக் கெடுவதோ ஒன்றாகக் கூடிவருவதோ அரிது. அதனால் எக்செல்லில் போடுங்கள். ரேண்ட் ஃபங்ஷனை வைத்து ஒவ்வொன்றுக்கும் எல்லைக்குள் ஏதோ ஒரு எண்ணை எடுக்கச் சொல்லி, பெருக்கி, அந்த வரியை ஐயாயிரம் தடவை கீழே இழுத்துவிடுங்கள். விடைகளைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்குங்கள். ஒரு இடத்தில் எல்லோரும் வழுக்குவார்கள்: எங்கள் வழக்கில் பி90 என்பது சின்ன எண். குறைந்தது இவ்வளவாவது தேறும் என்பதற்கு 90 விழுக்காடு வாய்ப்பு என்று பொருள். எக்செல்லில் பர்சன்டைல் கேட்கும்போது அது பத்தாவது இடத்தில் வரும். பி10 தான் பெரிய எண். அதற்கு வாய்ப்பு பத்தில் ஒன்று. செய்தியில் "இவ்வளவு வரை இருக்கலாம்" என்று "வரை" போட்டு வந்தால் அது பெரும்பாலும் பி10.

இன்னும் துளைக்காத முதல் டிராயர் சரக்கு என்றால் இன்னொரு பெருக்கலும் உண்டு. அங்கே ஏதாவது இருப்பதற்கே வாய்ப்பு ஐந்தில் ஒன்று என்றால் எல்லாவற்றையும் 0.2ஆல் பெருக்குங்கள். இந்த ஒரு பெருக்கலை மேடையில் யாரும் செய்து நான் பார்த்ததில்லை.

குஜராத்தின் இருபது, கிருஷ்ணா-கோதாவரியின் பத்து

கேஸ் கணக்கில் அலகு ஒரு தொல்லை. டி.சி.எஃப். என்பது ட்ரில்லியன் கன அடி. நம் வழக்கில் லட்சம் கோடி கன அடி. கன மீட்டரில் சுமார் 2,830 கோடி. ஒரு நாளைக்கு 8 கோடி கன மீட்டர் எடுத்தால் வருஷத்துக்கு ஒரு டி.சி.எஃப். தீரும். இதை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், பாதிச் செய்திகளை இதை வைத்தே சோதித்துவிடலாம்.

2005 ஜூனில் அன்றைய குஜராத் முதல்வர் நரேந்திர மோடி, மாநில அரசின் ஜி.எஸ்.பி.சி. நிறுவனம் ஆந்திரக் கடலில் 20 டி.சி.எஃப். கேஸ் கண்டுபிடித்ததாக அறிவித்தார். கையில் இருந்தது கேஜி-8 கிணற்றின் முடிவு. 2009இல் ஒப்புதல் பெற்ற வளர்ச்சித் திட்டத்தில் இருப்பே 2 டி.சி.எஃப்.க்குள் வந்துவிட்டது. கண்டுமுதல் அதில் பாதி. பாறை இறுக்கம், வெப்பமும் அழுத்தமும் மிக அதிகம். இருக்கிற கேஸே நகர மறுக்கும் மணல் அது. நிறுவனம் கடனில் மூழ்கி, 2017இல் தன் பங்கை ஓ.என்.ஜி.சி.யிடம் விற்றது.

ஒரு கட்சியின் கதை என்று இதை ஒதுக்கிவிடாதீர்கள். அதே கிருஷ்ணா-கோதாவரிக் கடலில் இன்னொரு தொகுதி கே.ஜி.-டி6. அதன் திட்டம் பெருத்தது டெல்லியில் வேறு கட்சி ஆண்டபோது. ரிலையன்ஸ் 2002இல் கண்டுபிடித்தது. 2004 திட்டத்தில் நாளைக்கு 4 கோடி கன மீட்டர், செலவு 240 கோடி டாலர். 2006 திட்டத்தில் 8 கோடி கன மீட்டர், முதல் கட்டத்துக்கு 520 கோடி டாலர், மொத்தம் 880 கோடி. கண்டுமுதல் 10 டி.சி.எஃப். அளவில். மேலே சொன்ன சோதனையைப் போடுங்கள்: வருஷம் ஒன்று, பத்து வருஷம். காகிதத்தில் பொருந்துகிறது.

2009 ஏப்ரலில் கேஸ் வந்தது. அடுத்த வருஷம் 6 கோடியைத் தொட்டது. அப்புறம் இறங்கத் தொடங்கியது, நிற்கவே இல்லை. தண்ணீரும் மணலும் கிணற்றுக்குள் ஏறின. கண்டுமுதல் மதிப்பு 3 டி.சி.எஃப். பக்கம் சுருங்கியது. 2020 பிப்ரவரியில் இந்தக் கேஸைத் தந்த டி1, டி3 வயல்கள் மூடப்பட்டன. இந்தக் கேஸை நம்பி ஆந்திராவில் வரிசையாக மின்நிலையங்கள் கட்டியிருந்தார்கள். நாடு முழுவதும் 14,000 மெகாவாட்டுக்கு மேல் உள்நாட்டுக் கேஸ் இல்லாமல் நிற்கிறது என்று கணக்கிட்டு, இறக்குமதிக் கேஸ் கொடுக்க 2015இல் மத்திய அரசு திட்டம் போட வேண்டியிருந்தது.

ஏன் விழுந்தது? ஒப்புக்கொண்ட 31 கிணற்றில் 22தான் தோண்டினார்கள் என்றது அரசுத் தரப்பு. பாறை எதிர்பார்த்தபடி இல்லை என்றது நிறுவனம். கேஸ் விலை ஏறட்டும் என்று காத்திருக்கிறார்கள் என்றது எதிர்த்தரப்பு அரசியல். எனக்குத் தோன்றுவது இது: அந்த மணல் பழைய கடலடி ஆற்று வாய்க்கால்களில் படிந்தது. படத்தில் ஒரே தாம்பாளமாகத் தெரியும், உள்ளே தனித்தனிக் கிண்ணங்கள். அழுத்தம் விழுந்த வேகம் அதைத்தான் காட்டியது. அதே நேரம், செலவை முதலில் எடுத்துக்கொண்டு பிறகே அரசுக்குப் பெரும் பங்கு என்ற ஒப்பந்தத்தில், பெரிய இருப்பு பெரிய செலவுக்குச் சாக்காகும் என்பதும் உண்மை. 2011இல் அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சி.ஏ.ஜி. இந்தச் செலவுப் பெருக்கத்தைக் கடுமையாகக் கேள்வி கேட்டது.

உற்பத்தி தொடங்கிய வயலில் கேஸ் இருப்பைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. அழுத்தம் கிட்டத்தட்ட எடுத்த அளவுக்குத் தக்கபடி இறங்கும். சிலிண்டர் மாதிரிதான். தொடக்கத்தில் 300 பார் (அழுத்தத்தின் அலகு), ஒரு டி.சி.எஃப். எடுத்தபின் 200 என்றால், கோட்டை நீட்டினால் மூன்றில் பூஜ்யத்தைத் தொடும். இருப்பு மூன்று. கீழிருந்து நீர் தள்ளினால் கோடு வளைந்து ஏமாற்றும், அதையும் கவனிக்க வேண்டும். மற்றபடி, இந்தக் கோட்டிடம் யாருடைய பேட்டியும் செல்லாது.

விலையும் கணக்குக்குள்தான் இருக்கிறது

கடைசியாக ஒன்றைப் பாருங்கள். அதே கே.ஜி.-டி6 தொகுதியில் ஆர் கிளஸ்டர் என்று ஒரு வயல். 2,000 மீட்டருக்கு மேல் கடலாழம். கேஸ் இருப்பது பல வருஷமாகத் தெரியும், எடுத்தால் கட்டுபடியாகாது. இரண்டாவது டிராயரில் கிடந்தது. 2016 மார்ச்சில் ஆழ்கடல் கேஸுக்கு ஓர் உச்சவரம்புக்குள் சந்தை விலை வைத்துக்கொள்ளலாம் என்று மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. 2017இல் முதலீட்டு அறிவிப்பு, 2020 டிசம்பரில் கேஸ். மணல் அதே மணல், துளை அதே துளை. ஒரு அரசாணை அதை மூன்றாவது டிராயருக்கு மாற்றியது.

ஆகவே அறிவிப்பைப் படிக்கும்போது என்ன விலைக்கு, யார் வாங்க, குழாய் எங்கே என்றும் கேளுங்கள். மன்னார் கடலுக்கும் இதையே போட்டுப் பார்க்கலாம். 2011இல் கெய்ர்ன் நிறுவனம் அங்கே இலங்கைப் பக்கத்தில் டொராடோ, பரகூடா என்று இரண்டு கிணறுகளில் கேஸ் கண்டது. கேஸ் தென்பட்ட பாறையின் தடிமன் டொராடோவில் 25 மீட்டர், பரகூடாவில் 24 மீட்டர். கடலாழம் ஒரு கிலோமீட்டருக்கு மேல். இலங்கையில் அப்போது கேஸ் வாங்க மின்நிலையமும் இல்லை, குழாயும் இல்லை. 2014இல் எண்ணெய் விலை சரிந்தது, 2015இல் கெய்ர்ன் கிளம்பியது. 2021இல் அன்றைய எரிசக்தி அமைச்சர் உதய கம்மன்பில அந்தப் படுகையின் மதிப்பு 26,700 கோடி டாலர், நாட்டின் கடனையே அடைத்துவிடலாம் என்றார். எந்த டிராயர் என்பதை நீங்களே சொல்லிவிடுவீர்கள். தோண்டும் செலவு, வாய்ப்பு விழுக்காடு, நிறுவனத்தின் பங்கு, இது எதையும் கழிக்காமல் சந்தை விலையால் பெருக்கினால் வரும் எண் அது. அறுப்புக்கு முந்தின பயிரை அரிசிக்கடை விலையில் பெருக்குவதுபோல.

நோட்டை மூடும் நேரத்தில் மச்சினன் மகள் வரைபடத்தைப் பிடுங்கிக் கட்டங்களைத் திரும்ப எண்ணினாள். ஓரத்தில் பாதியாக வெட்டுப்பட்ட கட்டங்களை அப்பா முழுதாக எண்ணிவிட்டாராம். "48 இல்ல மாமா, 45."

மறுபடி பெருக்கினோம். நாலேகால் கோடி பேரல். மூன்று கட்டத்தில் இந்தியாவுக்கு அரை நாள் எண்ணெய் போய்விட்டது.